செக்கில் இருந்த எண்ணெய், சொசைட்டியில் இறங்கிய ஃபேட்டு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடிக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் ஆப்பூர் பக்கத்திலிருந்து ஒரு போன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். இப்போது இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறாள். வீட்டுக்காரருக்கு ஒப்பந்த வேலை, அது ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. மாட்டுப் பால்தான் வீட்டின் நிச்சயமான வருமானம்.

"சார், மாடு கன்னு போட்டு ஒன்றரை மாசம் ஆவுது. பதினோரு லிட்டர் கறக்குது. ஆனா ஃபேட்டு மூணு, மூணு புள்ளி ஒண்ணுக்கு மேல ஏறவே மாட்டேங்குது சார். வர்ற காசு தீவனத்துக்கே சரியாப் போவுது. எண்ணெய் ஊத்தினா ஃபேட்டு ஏறும்னு ஒருத்தர் சொல்றாரு. ஊத்தட்டுமா?"

கணக்கு வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் "தெரியாதும்மா" என்று போனை வைக்க மனம் வரவில்லை. "ரெண்டு நாள் பொறு, எண்ணெய் மட்டும் ஊத்தாதே" என்றேன். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரைப் பிடித்தேன். அவர் சொன்னதும் நான் தேடிப் படித்ததும் சேர்ந்து, கடைசியில் நம் ஊர் மாட்டுத் தொட்டியின் சரித்திரமாகவே ஆகிவிட்டது.

முதலில் இந்த ஃபேட்டு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பால் என்றால் அளவு மட்டும்தான். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். வெண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்தால் லாக்டோமீட்டரே ஏமாந்துவிடும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பாப்காக் என்ற வேதியியல் பேராசிரியர் 1890-லும், சுவிட்சர்லாந்தில் ஜெர்பர் என்பவர் 1891-லும் பாலில் உள்ள கொழுப்பை நேரடியாக அளக்க வழி கண்டுபிடித்தார்கள். நம் ஊர் சொசைட்டிகளுக்கு வந்து சேர்ந்தது ஜெர்பர் முறை. 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். இதைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சுழற்றினால் கொழுப்பு தனியாகப் பிரிந்து கழுத்துப் பகுதியில் மஞ்சளாக ஏறி நிற்கும். எத்தனை கோடு என்று படிக்க வேண்டியதுதான். இப்போது அந்த இடத்தில் மெஷின் வந்துவிட்டது. பாலை ஊற்றினால் ஒரு நிமிடத்தில் நம்பர் சொல்கிறது.

நம் மாநிலத்தில் பால்வளத் துறை 1958-ல் தொடங்கியது. கூட்டுறவு இணையம் 1981-ல் வந்தது. விலை கொழுப்புக்கும், கொழுப்பு போக மீதியுள்ள திடப்பொருளுக்கும் (எஸ்.என்.எஃப். என்கிறார்களே, அது) சேர்த்துத்தான். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாயாக உயர்த்தினார்கள் அல்லவா, அந்த 35 ரூபாய் 4.3 சதவீதக் கொழுப்பும் 8.2 சதவீத எஸ்.என்.எஃப்.பும் உள்ள பாலுக்கு. அதற்குக் கீழே இறங்க இறங்க விலையும் இறங்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி பசும்பால் என்று சொல்லவே குறைந்தது 3.2 வேண்டும். என் மாணவியின் மாடு அந்தக் கோட்டுக்கும் கீழே நிற்கிறது. அவள் தண்ணீர் கலக்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் அவளுக்கு இருந்தது. அதைத்தான் அவள் வெட்கப்பட்டுக் கடைசியில் சொன்னாள்.

இனி பழைய தொட்டிக்கு வருவோம்.

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பக்கத்தில் மாட்டுச் செக்கு இருந்த காலம். மர உரலில் எள்ளோ கடலையோ போட்டு, காளையை வட்டமாகச் சுற்ற விடுவார்கள். எண்ணெய் வழிந்தபின் அடியில் நிற்பது புண்ணாக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் எள்ளுப் புண்ணாக்குத் துண்டை வாங்கிக் கடித்துக்கொண்டே நடந்தவர்கள் இந்தக் குழுவிலேயே நாலைந்து பேர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். அந்தப் புண்ணாக்கை விரலால் நசுக்கினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். காரணம், செக்கால் எண்ணெய் முழுவதையும் எடுக்க முடியாது. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு எண்ணெய் புண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

கிளீவ்லாந்து நகரத்தில் ஆண்டர்சன் என்பவர் 1900-ல் எக்ஸ்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். இரும்புத் திருகு, தொடர்ந்து அழுத்திக்கொண்டே போகும். அந்தப் புண்ணாக்கில் ஆறு முதல் எட்டு சதவீதம் எண்ணெய்தான் மிஞ்சும். அதற்கப்புறம் கரைப்பான் முறை வந்தது. ஹெக்சேன் என்ற திரவத்தில் நனைத்து எண்ணெயைக் கரைத்து எடுப்பது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் இந்த ஆலைகள் பெருகின. ஆலைக்காரர்கள் 1963-ல் அகில இந்தியச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். இந்த முறையில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு சதவீதம். புரதம் கூடும், எண்ணெய் போய்விடும்.

இதைப் பற்றி முன்பே கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். 1889-ல் இங்கிலாந்திலிருந்து வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை அரசாங்கம் இங்கே அனுப்பியது. நாடெங்கும் சுற்றிப் பார்த்து 1893-ல் அவர் அறிக்கை வெளிவந்தது. எண்ணெய் வித்துகள் அப்படியே கப்பல் ஏறுவது மண்ணின் வளம் கப்பல் ஏறுவதுதான் என்பது அதில் வரும் கருத்து. அந்தக் காலத்தில் நம் ஆற்காட்டுக் கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் அங்கே சோப்புக்கு, புண்ணாக்கு அங்கே மாட்டுக்கு.

அப்புறம் நம்முடைய ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்தவர், வெளிநாட்டில் படித்துக் கணக்குத் தணிக்கையாளராக இருந்தவர், காந்தியிடம் போய்ச் சேர்ந்தார். 1934 டிசம்பரில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வார்தாவில் செக்கைத் திருத்தி அமைக்கும் வேலையை அந்தச் சங்கம் செய்தது. ஊரில் விளைந்ததை ஊரிலேயே ஆட்டினால் புண்ணாக்கும் ஊர் மாட்டுக்கும் மண்ணுக்கும் தங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது குமரப்பாவை ஒரு மதிப்பெண் விடைக்காகப் படித்தேன். இந்தக் கோணத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

தவிட்டின் கதையும் இதேதான். ஹல்லர் மெஷின் தவிட்டில் உமி கலந்திருக்கும், அதனால் எண்ணெய்ச் சத்து மட்டு. நவீன அரிசி ஆலை வந்தபின் உமி தனி, தவிடு தனி. சுத்தமான புழுங்கல் அரிசித் தவிட்டில் 20 சதவீதம் வரைகூட எண்ணெய் உண்டு. அவ்வளவு எண்ணெய் உள்ள தவிட்டை மாட்டுக்கு விடுவார்களா? நேராக எண்ணெய் ஆலைக்குப் போகிறது. நம் வீட்டுச் சமையலறையில் தவிட்டு எண்ணெய், மாட்டுக்கு எண்ணெய் எடுத்த தவிடு. அதுவும் வெளிநாட்டுக்குப் போய் இங்கே தீவன விலை ஏறியதால் 2023 ஜூலையில் அதன் ஏற்றுமதிக்கே மத்திய அரசு தடை போட்டது.

ஆக, ஒரு நூறு வருஷத்தில் மாட்டுத் தொட்டியிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிட்டது. அதே காலத்தில், குறிப்பாக 1970-க்குப் பிறகு, வெண்மைப் புரட்சியோடு கலப்பினப் பசுக்கள் வந்தன. ஒன்றரை லிட்டர் கறந்த நாட்டு மாட்டின் இடத்தில் பத்து, பன்னிரண்டு லிட்டர் கறக்கும் ஜெர்சி கலப்பு. செலவு ஏறியது, வரவு குறைந்தது. இதுதான் நிலைமை.

"அப்படியானால் எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடுமே" என்று நானும் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சார், நீங்க கணக்குல புலி. ஆனா மாட்டு வயிறு கணக்கு வேற" என்றார்.

மாட்டுக்கு நாலு வயிறு என்று உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன். உண்மையில் ஒரே வயிறு, நாலு அறை. முதல் அறையான அசையூண் வயிறு ஒரு பெரிய ஊறல் பானை மாதிரி. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். வைக்கோலையும் புல்லையும் செரிப்பது மாடு அல்ல, இந்த நுண்ணுயிர்கள்தான். நாரை நொதிக்க வைத்து அசிட்டிக் அமிலம் உண்டாக்குகின்றன, வினிகரில் இருப்பதே அது. அது இரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது. அங்கே அதிலிருந்து பால் கொழுப்பு உருவாகிறது. பாலில் உள்ள கொழுப்பில் சுமார் பாதி இப்படி மடியிலேயே தயாராவது. மீதிப் பாதிதான் தின்ற கொழுப்பிலிருந்தும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்தும் வருகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வெண்ணெயில் பாதி வைக்கோலிலிருந்து வருகிறது!

அந்தப் பானையில் எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய் போன்றவை நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. நாரின் மேலும் படலமாகப் படியும். வைக்கோல் செரிக்காது, அசிட்டிக் அமிலம் குறையும். மாடு தின்னும் தீவனத்தில், ஈரம் போக உள்ள எடையில், மொத்தக் கொழுப்பு ஆறு ஏழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கால்நடைப் பாடப் புத்தகங்கள் சொல்வது இதனால்தான்.

இதைவிட வினோதமான இன்னொன்று உண்டு. சில தீவனம் கொடுத்தால் பால் குறையாமல் கொழுப்பு மட்டும் குறைவதை 1845-லேயே பூசெங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பீட் கிழங்கு தின்ற மாடுகளில் பார்த்து எழுதி வைத்தார். ஏன் என்று நூற்றைம்பது வருஷம் விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2000-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாமன் குழுவினர் ஆளைப் பிடித்தார்கள். நார் குறைந்து, மாவுச்சத்து மிகுந்து, அசையூண் வயிறு புளித்துப்போன நேரத்தில் எண்ணெயும் சேர்ந்தால், நுண்ணுயிர்கள் அந்த எண்ணெயை வழக்கமான பாதையில் மாற்றாமல் வேறு பாதையில் மாற்றுகின்றன. அப்போது பிறக்கும் ஒரு கொழுப்பு அமிலம், ஒரு நாளைக்குச் சில கிராம் போனாலே போதும், மடியில் கொழுப்புத் தயாரிப்பை அடக்கிவிடுகிறது. கொழுப்பே கொழுப்புக்கு எமன்.

இந்த இடத்தில் நான் நண்பரை நிறுத்தச் சொல்லிவிட்டு மாணவிக்குப் போன் போட்டேன். "அம்மா, மாட்டுக்கு என்னென்ன வைக்கிறே, ஒண்ணு விடாம சொல்லு."

"தீவன மூட்டை மூணு கிலோ. தவிடு ஒரு கிலோ. அப்புறம் கம்பெனி கேன்டீன் சோறு ரெண்டு பக்கெட்டு வரும் சார், சாம்பார், பொரியல் எல்லாம் கலந்து. வைக்கோல்... காலைல ஒரு கை, ராத்திரி ஒரு கை."

வெந்த சோறு, அதாவது மாவுச்சத்து. பொரியலிலும் குழம்பிலும் எண்ணெய். நாரோ இரண்டு கை. பாமன் சொன்ன மூன்றும் அந்தத் தொட்டியில் இருந்தன. அதற்கு மேல் இன்னும் எண்ணெய் ஊற்றச் சொல்லியிருக்கிறார் ஒரு புண்ணியவான்!

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அப்பா காலத்தில் வீட்டைச் சுற்றி நெல் வயல். வைக்கோல் போர் வீட்டு உயரம் நிற்கும், நான் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் 2002-ல் மகேந்திரா சிட்டி வந்தது. 2010-ல் ஒரகடத்தில் கார் ஆலை ஓடத் தொடங்கியது. அப்புறம் சாலை நெடுகிலும் கிடங்குகள். வேலை கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை. என் மாணவர்களில் எத்தனையோ பேர் வீடு கட்டியது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் வைக்கோல் இப்போது கட்டுக் கட்டாக லாரியில் காசுக்கு வருகிறது. கேன்டீன் சோறு இலவசமாக வருகிறது. கையில் காசில்லாதவள் எதை எடுப்பாள்?

இப்போது பைபாஸ் ஃபேட். கடையில் பவுடராக விற்கிறார்களே, அதுதான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் பாம்க்விஸ்ட், ஜென்கின்ஸ் என்ற இருவர் 1980-களின் தொடக்கத்தில் செய்த ஆராய்ச்சியில் வளர்ந்தது. கொழுப்பு அமிலத்தைச் சுண்ணாம்புச் சத்தோடு, அதாவது கால்சியத்தோடு, சேர்த்தால் அது ஒருவகைச் சோப்பு ஆகிவிடும். கரையாத சோப்பு. அசையூண் வயிற்றில் அது பேசாமல் கிடக்கும், நுண்ணுயிர்களைத் தொந்தரவு செய்யாது. நாலாவது அறையில் நம் வயிறு மாதிரி அமிலம் சுரக்கிறது. அங்கே போனதும் சோப்பு உடைந்து கொழுப்பு வெளியே வரும், குடலில் செரிக்கும். முதல் அறையைத் தாண்டிப் போவதால் 'பைபாஸ்'. நம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் கர்னால் பால்வள ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் முதலியவை இங்கேயே தயாரிக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கின்றன.

அது எதற்கு உதவும்? கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்குப் போய்விடும். ஆனால் மாட்டின் பசி அந்த வேகத்தில் ஏறாது, இன்னும் சில வாரம் ஆகும். நடுவில் பற்றாக்குறை. மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கும். இடுப்பெலும்பு துருத்தும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும், சினை நிற்காது. மாவுச்சத்தைப் போல இரண்டேகால் மடங்கு சக்தி கொழுப்பில் இருப்பதால், நாளைக்கு நூறு முதல் இருநூறு கிராம் பைபாஸ் கொழுப்பு கொடுத்தால் அந்தப் பள்ளம் ஓரளவு நிரம்பும். பால் கூடும், பெரும்பாலும் கொழுப்பும் சிறிது கூடும். நாலு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இது வீண் செலவு. இன்னொன்றும் சொன்னார்: கொழுப்புச் சேர்த்த தீவனத்தால் பாலில் புரத சதவீதம் சிறிது குறைவதுண்டு. எஸ்.என்.எஃப்.புக்கும் காசு பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நான் ஒரு கணக்குப் போட்டேன், பழக்கதோஷம். செக்குப் புண்ணாக்கு ஒரு கிலோ வைத்தால் அதில் எண்ணெய் நூறு கிராமுக்கு மேல். கரைப்பான் ஆலைப் புண்ணாக்கு ஒரு கிலோவில் பத்து கிராம். நடுவில் காணாமல் போனது சுமார் நூறு கிராம். கடைக்காரர் டப்பாவோடு கொடுக்கும் கரண்டி அளவும் ஏறக்குறைய அதுதான்! அதற்கான மூலப்பொருள் பெரும்பாலும் பாமாயில் சுத்திகரிப்பில் ஒதுங்கும் கொழுப்பு அமிலம். பாமாயில் நமக்கு எங்கிருந்து வருகிறது? மலேசியாவும் இந்தோனேசியாவும்.

நண்பர் இந்தக் கணக்கை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். செக்குப் புண்ணாக்கில் இருந்தது சாதாரண எண்ணெய், பைபாஸ் கொழுப்பு அல்ல. அது ஒத்துப்போனதற்குக் காரணம், அளவு குறைவு, ஒரே நேரத்தில் கொட்டாமல் ஊறி ஊறி வந்தது, கூடவே வயிறு நிறைய வைக்கோல். முழுப் பருத்திக்கொட்டையிலும் அப்படித்தான், எண்ணெய் கொட்டைக்குள் பூட்டிக் கிடந்து மெதுவாக இறங்கும். நைசாக ஆட்டி ஊற்றினால் எண்ணெய் சீக்கிரம் வெளியே வந்துவிடும். இன்னொன்று, அந்தக் காலத்தில் தினம் ஒரு கிலோ புண்ணாக்கு எத்தனை வீட்டு மாட்டுக்குக் கிடைத்தது? எங்கள் வீட்டில் ஏர் மாட்டுக்குத்தான் முதல் பங்கு. பசுவுக்குக் கழனித்தண்ணிதான். பழைய காலத்தை நான் ரொம்பப் பெருமையாகச் சொல்லிவிட்டேனோ என்று அப்போது தோன்றியது.

நாங்கள் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான். எண்ணெய் வேண்டாம். கேன்டீன் சோற்றை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் அரை பக்கெட்டுக்குக் கொண்டு வா, அதுவும் வைக்கோல் தின்ற பிறகு. தீவன மூட்டையை மூன்று வேளையாகப் பிரித்து வை. வேலியோரம் பத்துச் சென்டு காலியாகக் கிடக்கிறதே, அதில் கோ-5 புல் கரணை நடு. கறக்கும்போது கடைசிச் சொட்டு வரை கற, கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். இதெல்லாம் செய்து ஒரு மாதம் பார்த்தபின் பைபாஸ் ஃபேட் வேண்டுமா என்று யோசிக்கலாம். சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போ, நமக்கு இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளித்தான்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. ஃபேட்டு 3.6. பால் பதினொன்றிலிருந்து பத்தாகக் குறைந்ததில் அவளுக்கு வருத்தம். வைக்கோல் வாங்கக் கடன் வாங்கியிருக்கிறாள். நேற்று மறுபடி போன் செய்தாள், 3.8. பால் பத்தரை. கணக்குப் போட்டு நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள், வைக்கோல் செலவு போக முன்பைவிட நாளைக்கு எவ்வளவு மிச்சம் என்று. ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாட்டுக்கு அழுத பெண் அது.

கடைசியாக ஒரு உதவி. நம் ஊரில் கடைசியாக ஓடிய அந்த மாட்டுச் செக்கின் போட்டோ யாரிடமாவது இருக்கிறதா? கல்யாண ஆல்பத்தில், ஊர்வலப் படத்தில், பின்னணியில் எங்காவது விழுந்திருந்தாலும் பரவாயில்லை. தேடிப் பார்த்து அனுப்புங்கள். கல்லுரல் பகுதி மட்டும் எங்கோ குப்பைமேட்டில் கிடப்பதாக ஒரு பையன் சொன்னான், நாளைக்குக் காலையில் நடைப்பயிற்சி போகும்போது பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.